வரலாற்றுப் புத்தகத்தைக் காணி உறுதி பார்ப்பதுபோல் வாசியுங்கள்

வரலாறு வாசிக்க ஆசைப்பட்டுத் தொடங்கும் பலர் பாதி வழியில் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். அரசர் பெயரும் ஆண்டும் அடுக்கடுக்காக வரும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிவதில்லை. நான் மட்டக்களப்பு கல்லடியில், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். பகலில் காணி உறுதி, இரவில் வரலாறு. இரண்டையும் ஒரே விதமாகத்தான் வாசிக்கிறேன். உறுதி கைக்கு வந்தால் யார் எழுதியது, எந்தத் தேதியில், சாட்சி யார், நாலு எல்லையும் எவை என்றுதான் முதலில் பார்ப்போம். புத்தகத்திலும் அதையே தேடுங்கள்.

முதலில் சாட்சி. ஒவ்வொரு முக்கியமான செய்தியிலும் நின்று, "இவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சொந்தப் புத்தகமென்றால் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: எழுதியவர் தானே கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, அவராக ஊகித்தது என்று மூன்று குறி போதும். நூலகப் புத்தகத்தில் கீறக் கூடாது. அதற்கொரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க நல்ல பகுதி ஒன்று நம்முடைய வாவியைப் பற்றியே இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவிக்கு அடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு விசாரித்தார். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் அதை எழுதியிருக்கிறார். சத்தம் போடுவது ஒருவகை ஊரி, அதாவது ஓடுள்ள நத்தையினம் என்று மீனவர்கள் சொன்னார்கள்: அது கேட்டது. நிலா வெளிச்சத்தில், காற்றில்லாத இரவில், கோட்டைக்குப் பக்கத்தில் தோணியில் போய், ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்ற மெல்லிய ஒலிகளைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்ததும் ஒலி கூடியது: அது தானே அறிந்தது. கரையிலுள்ள பூச்சிகளின் சத்தமாக இருக்காது, மீனும் அல்ல, ஊரி இனமே காரணமாகலாம் என்றது ஊகம். ஆனாலும் நாம் இன்று மட்டக்களப்பை "மீன் பாடும் தேன்நாடு" என்கிறோம். ஒரே பகுதிக்குள் மூன்று விதமான சாட்சியம்! இதைப் பிரிக்கப் பழகிவிட்டால் எந்தத் தடித்த புத்தகமும் பயமுறுத்தாது.

அடுத்தது மறுபிரதி. ஒரு சம்பவத்துக்கு ஒரு புத்தகம் போதாது. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638 மே மாதம். சில நாட்களுக்குள் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிபடும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்றது அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதி. ஒல்லாந்தர் பிரதியில் அந்த நிபந்தனை இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தவருக்கு, பின்னால் வந்த சண்டை அரசனின் பிடிவாதமாகவோ ஒல்லாந்தரின் பேராசையாகவோ மட்டும் தெரியும். நான் உறுதி எழுதும் மேசையில் இருப்பவன் என்பதாலோ என்னவோ, இந்த ஒரு வரிக்காகப் பல இரவுகள் தூங்காமல் யோசித்திருக்கிறேன். கோட்டைக்குள் நெடுங்காலம் அரச அலுவலகங்கள் நடந்தன. அந்தப் பக்கம் போகும்போது ஒரு தரம் நின்று அந்தச் சுவரைப் பாருங்கள்.

எல்லைகளையும் விடாதீர்கள். அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய நூல்களில் "மட்டக்களப்பு" என்று வந்தால் அக்கரைப்பற்றும் கல்முனையும் அதற்குள் இருக்கும். இன்று அம்பாறையில் இருக்கும் காரைதீவில் 1892இல் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகளைப் பழைய நூல்கள் மட்டக்களப்பார் என்பதும் இதனால்தான். அப்போதைய தேசப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இந்தக் குழப்பம் வராது.

சில நூல்களிடம் ஆண்டு கேட்கக் கூடாது. 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் அப்படிப்பட்டது. அரசர் வரிசையைப் பிடித்துக்கொண்டு காலக்கணக்குப் போட்டால் தலை சுற்றும். எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, எந்தக் கோயிலில் என்ன உரிமை, யாருக்கு என்ன வரிசை மரியாதை என்று பார்த்து வாசியுங்கள்; அங்கேதான் அந்த நூலின் உயிர் இருக்கிறது. அதோடு, அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆங்கில நூலையும் சேர்த்து வாசித்தால், குடிமுறையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எவ்வளவு பொது என்பது விளங்கும். இங்கே வளரும் ஒவ்வொரு பிள்ளையும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்மைக்கால வரலாறென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் சரிபார்க்கலாம். ஆண்டைக் கேட்காதீர்கள், "சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23 இரவு இங்கே யாருக்கும் மறக்காது. கூரை பறந்தது, தென்னை விழுந்தது, யார் வீட்டில் ஒதுங்கினார்கள் என்று தொடங்கி, நீங்கள் கேட்டதற்கும் மேலாகச் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே, தேதி போட்டு, சொன்னவர் யார் என்றும் எழுதிவிடுங்கள்.

முன்னுரையை நான் கடைசியில்தான் வாசிப்பேன். பின்னாலுள்ள அடிக்குறிப்புகளையும் நூற்பட்டியலையும் முதலிலேயே புரட்டுவேன். ஒரே ஆவணத்தை வைத்து முழு அத்தியாயமும் கட்டியிருந்தால் அங்கே கவனமாகப் போக வேண்டும்.

சரி, புத்தகம் முடிந்ததும் கொப்பியில் அரைப் பக்கம் எழுதுங்கள்: இவர் என்ன சொல்கிறார், யாரைச் சாட்சி வைக்கிறார், யாரிடம் கேட்காமல் விட்டார். பெண்களா, கூலிக்கு வயல் வெட்டியவர்களா, வேடர்களா? அடுத்த புத்தகத்தை அந்தக் கடைசிக் கேள்வியைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். பொது நூலகத்தில் கிடைக்காவிட்டால் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்துப் பழைய நூல்களும் மலர்களும் அங்கே ஏராளமாக இருக்கின்றன, காசும் இல்லை. ஊர்க் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் தள்ளிவிடாதீர்கள். பெரிய நூல்களில் இல்லாத பெயர்கள் அவற்றில் கிடைக்கும்.