ஆமை நடைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையில் பலரும் கேட்பது, ஆமை நடைக்கு எப்படிப் போவது என்று. போவது சுலபம்தான். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இந்தக் கரையில் முட்டைகளைத் தேடி இரவு இரவாக நடக்கிறார்கள். நீலாங்கரையில் கிளம்பி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை, ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடிகாலை வரைக்கும் மணலிலேயே நடை. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். போகிறவர்கள் பாதிப்பேர் மிருகக்காட்சி சாலைக்குப் போகிற நினைப்பில் வருகிறார்கள், அங்கேதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. உங்களைக் கூட்டிப்போகிறவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறார்கள், அந்த வேலைக்கு நடுவில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும்.

முதலில் எதிர்பார்ப்பு. போனால் ஆமையைப் பார்த்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) எந்த இரவில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கரையேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரி தொடக்கத்தில் வரத்து குறைவு, பிப்ரவரி, மார்ச்சில் கூடுதல். அப்போதும் ராத்திரி முழுக்க நடந்து ஒரு தடம்கூடக் கிடைக்காமல் திரும்புவது சாதாரணம். "எப்போ சார் ஆமை வரும்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவர் அந்தக் கூட்டத்தையே சோர்ந்துபோக வைத்துவிடுவார். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் வீட்டிலேயே இதைச் சொல்லித் தயார் செய்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இருட்டான கடற்கரையில் நிலத்தைவிடக் கடல்தான் வெளிச்சமாக இருக்கும், நிலவும் விண்மீனும் தண்ணீரில் பட்டுப் பளபளப்பதால். பொரிந்து வரும் குஞ்சு அந்த வெளிச்சத்தை நம்பித்தான் கடல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறது. இப்போது நம் கரையோரத்தில் தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் அடுக்குமாடி விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக எரிகின்றன, அதனால் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்ச் சாகின்றன. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு நாய்த் தொல்லையோடு இதுவும் பெரிய காரணம். முட்டையிட வரும் தாயும் வெளிச்சம் பட்டால் பாதியிலேயே திரும்பிவிடும். ஆகவே செல்போன் டார்ச், கேமரா ஃப்ளாஷ், "மணி என்ன ஆச்சு" என்று ஒரு தடவை போனைத் திறந்து பார்ப்பது, எல்லாமே தவறு. டார்ச் தேவைப்பட்டால் வழிகாட்டியே எடுப்பார், அதையும் சிவப்புத் தாள் சுற்றி மங்கலாக வைத்திருப்பார். உங்கள் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் வருகிறவருக்கும்தான். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடுங்கள்.

வழிகாட்டிக்கு முன்னால் நடக்காதீர்கள். கொஞ்சம் வேகமாக நடக்கிற பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாகக் காலையில் ஓடுகிறவர்கள், தங்களை அறியாமலே முன்னே போய்விடுகிறார்கள். ஆமை வந்துபோனதற்கு ஒரே சாட்சி மணலில் அது துடுப்பால் இழுத்துப்போட்ட தடம்தான். கடலிலிருந்து மேலே ஏறி, கொஞ்சம் சுற்றி, மறுபடி கடலுக்கே இறங்கும். முன்னே நடப்பவர் தடத்தை மிதித்துக் கலைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் என்ன தேர்ந்தவராக இருந்தாலும் கூடு எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கண்டுபிடிக்கவில்லை என்றால் விடிவதற்குள் நாய்கள் கண்டுபிடித்துவிடும். தடம் கிடைத்ததும் எல்லோரும் ஓடிப்போய்ச் சுற்றி நிற்பதும் இதே கணக்குதான், கூடு உங்கள் காலடியிலேயே இருக்கலாம். சொன்ன இடத்தில் நில்லுங்கள். வழிகாட்டி கம்பால் மணலை மெல்லக் குத்திப் பார்த்துக்கொண்டே வருவார், மணல் இளகி உள்வாங்கும் இடத்தில்தான் கூடு. ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழியில், நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் "நான் ஒன்னு எடுத்துத் தரட்டுமா" என்று கை நீட்ட வேண்டாம். நேரம் ஆக ஆகக் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டையைப் புரட்டினால் உள்ளே உயிர் தங்காது. சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது, பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் தவிர மற்றவர் முட்டையைத் தொடுவதே குற்றம்.

சரி, ஆமையே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடலிலிருந்து ஏறி, இடம் தேடி, பின் துடுப்பால் குழி தோண்டும் வரை அது ரொம்ப எச்சரிக்கையாக இருக்கும். அப்போது ஒரு சத்தம், ஒரு நிழலாட்டம் போதும், முட்டையிடாமலே இறங்கிப்போய்விடும். முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் சுற்றி நடப்பதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே வழிகாட்டி "உட்காருங்க" என்றால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், "வாங்க" என்று சைகை காட்டும்போது பின்பக்கமாக மட்டும் போக வேண்டும். தலைப்பக்கம் போய் முகத்தைப் பார்க்க நினைப்பது பெரிய தவறு. அதன் கண்ணில் வழிவதைப் பார்த்து அழுகிறது என்று பதறவும் வேண்டாம். உடம்பில் சேரும் உப்பை அது கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றும், கடலுக்குள்ளும் அப்படித்தான், கரையில் நமக்குத் தெரிகிறது, அவ்வளவே. குழியை மூடியபின் உடம்பை இடமும் வலமும் தூக்கிப்போட்டு மணலை இறுக்கும் அந்தக் காட்சியைப் பார்க்கக் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதைப் போனில் எடுக்கப் போய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

குப்பங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த நடையில் நீங்கள் போகும் வழி முழுக்க மீனவர் குப்பங்கள்தான். நடை முடிந்து வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கிக் கோட்டை கட்டுவதற்கு முன்பே இந்தக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள், சென்னை என்ற பெருநகரம் அவர்களைச் சுற்றி வளர்ந்ததுதான். அவர்கள் வாசல் வழியாக, அவர்கள் தூங்குகிற நேரத்தில் நாம் நடக்கிறோம். சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போவது, வெக்கைக்கு மணலில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் மேல் டார்ச் அடிப்பது, நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகில் ஏறி உட்கார்ந்து ஓய்வெடுப்பது, பரப்பி வைத்த வலையைச் செருப்புக் காலால் மிதிப்பது, இவற்றையெல்லாம் யார் வீட்டு முற்றத்திலும் செய்ய மாட்டோம். வலையின் ஒரு கண்ணி அறுந்தாலும் அதை உட்கார்ந்து கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். விடிகாலையில் படகு தள்ளும்போது குறுக்கே நிற்காதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அதுவும் பெண்களை. பேச விருப்பம் இருந்தால், அவர்களுக்கு ஓய்வு இருக்கும் நேரம் பார்த்து, "அண்ணே, இப்ப என்ன காத்து அடிக்குது, வாடையா, கொண்டலா?" என்று கேட்டுப் பாருங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. வழியில் செத்து ஒதுங்கிய ஆமையைப் பார்ப்பீர்கள், கட்டாயம் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் மட்டும் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பார்த்தவுடன் "இந்த மீனவங்கதான்" என்று அங்கேயே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர், மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகு இழுக்கும் இழுவலையின் மடியில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகத் தண்ணீருக்கடியில் இழுபட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது, அதை மீறும்போதுதான் இப்படி ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்கி ஜூன் 14 வரை போகிறது, அதற்குள் ஆமைகள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். குப்பத்து ஃபைபர் படகுக்காரர் வலையிலும் ஆமை சிக்குவது உண்டு, வலை நஷ்டமானாலும் அறுத்து விடுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். 2002இல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் இந்தக் கரையில் ஆமைகளைக் காவல் காக்கும் வேலையைச் செய்வதே மீனவ இளைஞர்களை வைத்துத்தான். செத்த ஆமையைப் பார்த்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அளவெடுத்துக் குறித்துக்கொள்வார்கள். அதன் மேல் கால் வைத்துப் படம் எடுக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடலில் இறங்காதீர்கள். நடந்து நடந்து கால் சூடாகும், சும்மா முழங்கால் வரை நனைக்கலாமே என்று தோன்றும். இந்தக் கடலின் உள்ளிழுப்பு பகலிலேயே ஆளைக் கொண்டுபோகும், இருட்டில் யார் போனார் என்றுகூடத் தெரியாது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930இல் இதே கடலில் மற்றவரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தவருக்காக எழுப்பியது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. வெறுங்காலில் வராதீர்கள், உடைந்த பாட்டிலும் தூண்டில் முள்ளும் கிடக்கும். புதுச் செருப்பும் வேண்டாம், மணல் புகுந்து உரசிக் கொப்புளம் போட்டுவிடும். அடர் நிற உடை, ஒரு பாட்டில் தண்ணீர், தின்பது எதுவானாலும் உறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. போட்டுவிட்டு வந்தால் அது நாய்களைக் கரைக்கு இழுக்கும். செல்ல நாயைக் கூட்டி வரவே வராதீர்கள். இன்னொன்று, வண்டியை நீலாங்கரையில் நிறுத்தினால் நடை முடிவது பெசன்ட் நகரில், அதுவும் பஸ் ஓடாத நேரத்தில். திரும்பிப்போக முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

முட்டை வைத்த 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும், அதைப் பார்க்க மார்ச், ஏப்ரல் மாலைகளில் பொரிப்பகத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதுதான் நல்ல வாய்ப்பு, ஆனால் இங்கேதான் தவறும் அதிகம். பாவமாக இருக்கிறது என்று குஞ்சைத் தூக்கித் தண்ணீரில் விடப் போகிறார்கள். அந்தத் தூரத்தை அது தானாகவே ஊர்ந்து போக வேண்டும், அலை தூக்கித் திருப்பிப் போட்டால் மறுபடியும் அதுவாகவே போகும். நம் காலடிக் குழி அதற்குப் பள்ளத்தாக்கு, விழுந்தால் ஏறுவதற்கே பாடு. கயிறு கட்டியிருந்தால் அதற்குப் பின்னால் நில்லுங்கள், குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள், உயரமானவர்கள் பின்னால் போய்விடுங்கள். கடைசிக் குஞ்சு கடலுக்குள் போய்விட்டது என்று தொண்டர்கள் சொல்லும் வரை யாரும் தண்ணீர்ப் பக்கம் கால் வைக்க வேண்டாம்.