எஸ்இஓ ரிப்போர்ட்டில் கிளையன்ட்டுக்கு எவ்வளவு சொல்வது?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு என் முதல் எஸ்இஓ (கூகுள் தேடலில் வெப்சைட்டை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். 22 பக்கம். கீவேர்டு (மக்கள் கூகுளில் தேடும் சொற்கள்) பட்டியல், பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) பட்டியல், கலர் கலராய் கிராஃப். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டார். “தம்பி, இந்த மாசம் நம்ம வெப்சைட்ட பாத்து எத்தனை போன் வந்துச்சு? அதச் சொல்லுங்க.”

அந்த எண் 22 பக்கத்தில் எங்கும் இல்லை. அதற்குப் பிறகு நான் ரிப்போர்ட் எழுதும் முறை இதுதான்.

படி 1: வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்

“எது நடந்தா, குடுத்த காசு வீண் போகலன்னு நினைப்பீங்க?” இந்த ஒரு கேள்வி போதும். விளக்குக் கடைக்குப் போன். கும்பகோணத்தில் லாட்ஜ் நடத்துபவருக்கு ரூம் புக்கிங். திருபுவனம் பட்டுக் கடைக்கு வாட்ஸ்அப் விசாரிப்பு. சுவாமிமலையில் சிலை வார்ப்பவருக்கு மாதம் ஒரு நல்ல ஆர்டர் வந்தாலே பெரிது. பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

படி 2: எல்லா விவரமும் தனி ஷீட்டில்

தேதி, எந்தப் பக்கம், முன்பு என்ன இருந்தது, என்ன மாற்றினோம், ஏன். டைட்டிலில் ஒரு சொல்லை மாற்றினாலும் ஒரு வரி. இந்த ஷீட்டைக் கிளையன்ட் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் திறக்க மாட்டார்கள். ஆனால் திறக்கலாம் என்பதே அவர்களுக்குத் தைரியம்.

படி 3: கையில் கொடுப்பது ஒரே பக்கம்

முதல் வரியில் அவர் கேட்ட எண். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் வரும் கடை விவரம்) ‘அழைப்புகள்’ என்று வருவது கால் பட்டனை அழுத்திய கணக்கு; பேசி முடித்த கணக்கு இல்லை. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், “எனக்கு இத்தனை போன் வரலையே” என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

அடுத்தது ஒப்பீடு. இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். டெல்டாவில் ஆடியில் கல்யாணம் இல்லை. சீர் வாங்குபவர்கள் தேடமாட்டார்கள். ஆடியை ஆனியோடு ஒப்பிட்டால் கிராஃப் சரியத்தான் செய்யும். போன வருட ஆடியோடு வையுங்கள். சர்ச் கன்சோல் (தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) 16 மாதத் தரவை வைத்திருக்கிறது, அதனால் முடியும்.

சராசரி இடத்தை (தேடல் முடிவில் நம் தளம் சராசரியாக எத்தனையாவதாக வருகிறது என்ற எண்ணை) தலைப்பில் போடாதீர்கள். புதிதாக ஐம்பது தேடல்களில் நம் பக்கம் நாற்பதாவது இடத்தில் எட்டிப் பார்த்தால் சராசரி மோசமாகத் தெரியும், கிளிக் கூடியிருக்கும். அதை விளக்கவே ஒரு பக்கம் ஆகிவிடும்.

செய்த வேலையை நான் எழுதுவது இப்படி: “விளக்குப் பக்கத்தில் விலை இல்லை. ஐந்து அளவுக்கும் விலை போட்டோம். 3 அடி விளக்குக்கு நல்ல போட்டோ வேண்டும், 10ஆம் தேதிக்குள் அனுப்புங்கள்.” செய்தது, காரணம், அவரிடம் வேண்டியது. முடிந்தது.

படி 4: கெட்ட செய்தி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது

ஒரு லாட்ஜ் வெப்சைட்டில் ரூம் பக்கத்தின் இணைய முகவரியை மாற்றினேன். பழைய முகவரியிலிருந்து ரீடைரக்ட் (பழையதைத் திறப்பவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட மறந்துவிட்டேன். கூகுளிலிருந்து வந்தவர்கள் நாலு நாள் ‘பக்கம் இல்லை’ என்று காட்டும் 404 பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். தெரிந்த அன்றே ரீடைரக்ட் போட்டுவிட்டு உரிமையாளருக்குப் போன் செய்து, என் தப்பு என்று சொன்னேன். “இப்ப சரியாயிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். மாதக் கடைசியில் அவரே கண்டுபிடித்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

படி 5: ‘தொழில் ரகசியம்’ என்று மறைக்கக் கூடாதவை

ரேங்க்குக்காகக் காசு கொடுத்து பேக்லிங்க் வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. அடி விழுந்தால் விழுவது அவருடைய தளத்துக்கு, உங்களுக்கு இல்லை. சொல்லாமல் செய்வது துரோகம். நான் சொல்லியும் செய்வதில்லை. அதேபோல் சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் இரண்டிலும் உரிமையாளராகக் கிளையன்ட்டின் ஜிமெயில்தான் இருக்க வேண்டும். நாம் உள்ளே வந்து வேலை பார்ப்பவர்கள்.

படி 6: அனுப்பிவிட்டுப் பேசுங்கள்

சர்ச் கன்சோலில் கணக்கு முழுதாக ஏற இரண்டு மூன்று நாள் ஆகும்; அதனால் 5ஆம் தேதி வாக்கில் அனுப்புங்கள். மறுநாள் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். நாச்சியார்கோவில் பெரியவர் அப்படிப் பேசும்போதுதான் சொன்னார்: “விலைய பாத்துட்டுக் கூப்புடுறவங்க பாதிப் பேரு, வெளக்கு எத்தனை கிலோன்னுதான் தம்பி கேக்குறாங்க.” நாங்கள் அடிக்கணக்கு மட்டும் போட்டிருந்தோம். அன்று சாயங்காலமே ஐந்து விளக்குகளையும் தராசில் வைத்து எடையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பக்கத்தில் ஏற்றிவிட்டு, ஷீட்டில் ஒரு வரி சேர்த்தேன்.