ஸ்காபரோவுக்குப் புறப்படும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு

கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். லீவில் வந்து நிற்கும் இந்த இரண்டு கிழமைக்குள் கனடாவுக்குப் புறப்படும் மூன்று குடும்பங்கள் என்னைத் தேடி வந்துவிட்டன. எல்லோரும் குளிர்ச்சட்டையைப் பற்றியே கேட்கிறார்கள். அது அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முதலில் வீடு. பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரின் பேஸ்மென்டில்தான் தொடங்குவீர்கள். முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முற்பணமாகக் கேட்க ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. ஏதும் உடைந்தால் கழிக்க என்று தனியாக ஒரு தொகை வாங்க இடமில்லை. அது தெரியாமல் நான் கொடுத்த காசு திரும்பி வரவேயில்லை. ஊரவர்தானே என்று கூச்சப்படாமல் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மட்டும் வாடகையாகக் கட்டும் மானிய வீடுகளும் உண்டு. ரொறன்ரோவில் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், வந்த கையோடு விண்ணப்பியுங்கள். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

வருத்தம் வந்தால், ஹெல்த் கார்ட் (அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இல்லை என்று வீட்டில் முடங்கிக் கிடக்காதீர்கள். கார்ட் இல்லாதவர்களையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. எது கிட்ட என்று 211க்கு அழைத்துக் கேளுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள். 'டமில்' என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தயவுசெய்து பிள்ளையை வைத்துப் பேசாதீர்கள். தகப்பனின் அழுகையைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது.

முதல் மாரியில் நெஞ்சு கனக்கிறது என்று அப்படி ஒரு நிலையத்துக்குப் போனேன். தாதி குருதி அழுத்தம் பார்த்துவிட்டு, கைப்பட்டியைக் கழற்றிக்கொண்டே, "நித்திரை எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி தமிழில் வந்ததும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் இரையும் ஒவ்வோர் இரவும் நான் நாவலடியில், 2004 டிசம்பர் 26 காலையில் நின்றேன். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவர்களே ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் போனேன். மூன்றாவது மாதத்தில்தான் கடலின் பெயரைச் சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் சொன்னால் விசர் என்று ஊர் பேசும், மகளின் கலியாணம் குழம்பும் என்று பயப்படுகிறார்கள். அங்கே நீங்கள் சொல்வது உங்கள் அனுமதியின்றி எந்தச் சொந்தக்காரரிடமும் போகாது.

அடுத்த மாதம் புறப்படும் என் மருமகளின் பாஸ்போர்ட் உறைக்குள் மூன்று எண்களை எழுதி வைத்திருக்கிறேன்: 211, தாதியிடம் ஆலோசனை கேட்க 811, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 988. கடைசி எண்ணில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் பேசுவார்கள். மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அழையுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 911.