சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்காமல் இருக்க

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) சீமைக்கருவேலம் ஏறிவிட்டால் கொழுக்கட்டைப் புல் ஒதுங்கிவிடும். வெறுமனே வெட்டிப்போட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் மண்மட்டத்திலும் சற்றுக் கீழேயும் அடித்தூரில் இருப்பதுதான் காரணம்.

மேய்ச்சல் நிலத்தில் இலைமேல் களைக்கொல்லி தெளிக்காதீர்கள். கிளைபோசேட் என்றால் புல்லும் சேர்ந்து கருகிவிடும். தூரில் பூசுவதே சரி. சுற்றியுள்ள மண்ணை ஒதுக்கி, தரையோடு தரையாக மட்டமாக அறுங்கள். மரத்தூளைத் துடைத்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் பட்டையை ஒட்டிய வெளிவட்டத்தில் பிரஷ்ஷால் மருந்தைப் பூசுங்கள். உயிரோட்டம் அங்கேதான், நடு வைரத்தில் ஊற்றுவது வீண்செலவு. ஒருவர் அறுக்க, இன்னொருவர் பின்னாலேயே பூசிக்கொண்டு போனால் தாமதமே வராது. மழை வரும் நாளிலும், இலை வாடிக்கிடக்கும் வறட்சியிலும் வேண்டாம். மரம் பச்சைப்பசேலென்று இருக்கும்போதுதான் மருந்து வேருக்கு இறங்கும்.

எந்த மருந்து, என்ன அளவு என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டு, லேபிளில் உள்ளபடி செய்யுங்கள். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவிட்டது. கையுறை கட்டாயம். லேபிள் சொல்லும் நாள்வரை ஆடு மாடுகளை உள்ளே விடக்கூடாது.

காய்க்கும் முன்பே வெட்டிவிடுவது மிக முக்கியம். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலிருந்தே புதுச்செடி முளைக்கும். அடுத்த மழைக்குப் பின் ஒரு சுற்று பாருங்கள்: துளிர்த்த தூரை மறுபடி அறுத்துப் பூசுங்கள், சின்னக் கன்றுகளை ஈரத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.