வளரும் வல்லரசு உலக அமைப்புகளின் விதிகளை மாற்றுகிறதா என்று பார்ப்பது எப்படி?

உச்சி மாநாட்டுச் செய்தி வந்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை விடுங்கள், யாருக்கு எத்தனை ஓட்டு என்று பாருங்கள்.

நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) இணையதளத்தில் நாடுவாரியான வாக்குப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவுக்கு சுமார் 16.5 சதவீதம், இந்தியாவுக்கு சுமார் 2.6. பெரிய மாற்றங்களுக்கு 85 சதவீத ஆதரவு வேண்டும். 100இலிருந்து 16.5ஐக் கழித்துப் பாருங்கள்; அமெரிக்கா என்ற ஒரே நாடு நினைத்தால் அப்படிப்பட்ட மாற்றம் எதையும் நிறுத்திவிடலாம் என்பது புரியும். நாடுகளின் பங்கையும் ஓட்டையும் மாற்றி அமைக்க 2010இல் ஒப்புக்கொண்ட பங்கீட்டுச் சீர்திருத்தம் 2016 வரை நடைமுறைக்கு வராததற்கு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தாமதமே காரணம். இந்தக் கணக்கை அவரவர் கையால் போட வேண்டும், நான் சொல்லிக் கேட்டால் மனதில் நிற்காது.

அப்புறம், பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா சேர்ந்த பிரிக்ஸ் கூட்டமைப்பு தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியை இதனுடன் ஒப்பிடுங்கள். நிறுவிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, யாருக்கும் வீட்டோ கிடையாது.

வளரும் வல்லரசு மற்ற நாடுகளுக்கும் இடம் கேட்டதா என்றும் பாருங்கள். 2023 டெல்லி மாநாட்டில் இந்தியாவின் முன்மொழிவால் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20இன் நிரந்தர உறுப்பினரானது. எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆப்பிரிக்காவுக்கு இன்னும் நிரந்தர இருக்கை இல்லை. அதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்வேன்.