வேகம் 20 விழுக்காடு குறைந்தால் நேரமும் 20 விழுக்காடு கூடுமா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் காரில் போகிறோம். கணக்கு எளிதாக வர, தூரம் 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் 3 மணி நேரம். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை; வழி நெடுக வேகம் 20 விழுக்காடு குறைகிறது. எவ்வளவு நேரம் ஆகும்?

படிவம் 2 பிள்ளைகள் பலர் சட்டென்று எழுதுவது இதுதான்: 180 நிமிடத்தில் 20 விழுக்காடு 36, ஆக 3 மணி 36 நிமிடம். தவறு. புதிய வேகம் 88. 330ஐ 88ஆல் வகுத்தால் 3.75 மணி. நேரம் 25 விழுக்காடு கூடியிருக்கிறது! வேகம் 4/5 பங்கானால், அதே தூரத்துக்கு நேரம் 5/4 பங்காகும். அதனால் விழுக்காட்டைப் பார்த்ததும் பின்னமாக மாற்றுங்கள், பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

இதே தவறு இன்னொரு வேடத்திலும் வரும். 'வழக்கமான வேகத்தை 20 விழுக்காடு குறைத்ததால் 15 நிமிடம் தாமதம். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும்?' 15 நிமிடத்தை 20 விழுக்காடாக எடுத்துக்கொண்டு 75 என்று எழுதிவிடுவார்கள். கூடியது வழக்கமான நேரத்தில் கால் பங்கு. கால் பங்கு 15 என்றால் முழுசு 60 நிமிடம்.

மழை விட்டதும் 88லிருந்து மறுபடி 110க்குப் போனால் வேகம் கூடியது 20 விழுக்காடு அல்ல, 25. இப்போது அடிப்படை 110 இல்லை, 88. எதில் இத்தனை விழுக்காடு என்று கேட்காமல் பேனாவை எடுக்கவே கூடாது.

அப்புறம், 3.75 மணி என்பது 3 மணி 45 நிமிடம். அதை 3 மணி 75 நிமிடம் என்று எழுதி, சரியாகப் போட்ட கணக்கில் மதிப்பெண்ணை விடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கடைசியாக, சராசரி வேகம். போகும்போது 88, திரும்பும்போது 110 என்றால் சராசரி 99 ஆகாது. மொத்தத் தூரம் 660, மொத்த நேரம் 6.75 மணி, வகுத்தால் சுமார் 97.8. மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் ஓடியிருக்கிறோம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது, இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓடியிருந்தால்தான் சரி.