பழைய தோல் ஷாப்பு பக்கத்துல நிலம் இருக்கா? ஜேசிபி கூப்பிடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு நம்ம பழைய வட ஆற்காடு பக்கம் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுற தொழிற்சாலை, இருந்த இடத்துக்குப் பக்கத்துல நிலம் வச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்குறது "இந்த மண்ணு கெட்டுப்போச்சா"ன்னுதான். அதோட சேர்த்து இன்னும் மூணு கேள்வி கேளுங்க. விஷம் எந்த இடத்துல இருக்கு, எந்த வழியா நகருது, யாரைப் போய் சேருது. மூணும் ஒன்னோட ஒன்னு சேர்ந்தாதான் ஆபத்து, நடுவுல ஒன்னை அறுத்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, அதுக்கு மொத்த நிலத்தையும் தோண்டணும்னு அவசியமே இல்ல.

முதல்ல அந்த ஷாப்புல வேலை பாத்த பெரியவங்க யாராவது இருந்தா போய் உக்காந்து பேசுங்க. சுண்ணாம்புத் தொட்டி எங்க இருந்துச்சு, கழிவுத்தண்ணி எந்தக் கால்வாய்ல போச்சு, சேறை எங்க கொட்டுனாங்க, ஆவாரம்பட்டை போட்டு பதனிட்ட காலத்து ஷாப்பா இல்ல குரோமியம் உப்பு போட்டதா, எல்லாம் கேளுங்க. வெறும் பட்டை ஷாப்புன்னா குரோமியம் பயம் ரொம்ப கம்மி, உப்புதான் பெரிய தொல்லை. அப்புறம் நிலத்தோட எஃப்எம்பி (சர்வே நம்பர்வாரி அளவு) வரைபடத்தை பிரிண்ட் எடுத்து அதுமேலயே கிணறு, போர், கால்வாய், மழைத்தண்ணி ஓடுற சரிவு, பசங்க விளையாடுற இடம், மாடு கட்டுற இடம் எல்லாத்தையும் குறிங்க. இந்த ஒரு தாள்தான் கடைசி வரைக்கும் உதவும்.

குரோமியத்துல ரெண்டு வகை இருக்குறதை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். தோல் பதனிட போடுறது மூணு வேலன்ஸ் (லேப் ரிப்போர்ட்ல Cr III), அது பெரும்பாலும் மண்ணைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே கிடக்கும், அவ்வளவா நகராது. ஆறு வேலன்ஸ் (Cr VI) அப்படி இல்ல, தண்ணில கரைஞ்சு ஓடும், புற்றுநோய் வரவைக்கும். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைல மூடிப்போன குரோமேட் கம்பெனி விட்டுட்டுப் போன 2 லட்சம் டன்னுக்கு மேல இருக்குற கழிவுல இருக்குறது இந்த வகைதான். இன்னொன்னு, தோலை சீவும்போது விழுற ஷேவிங் தூள், தோல் துண்டு, காஞ்ச சேறு எதையும் எரிக்காதீங்க, எரிச்சா மூணு ஆறா மாற வாய்ப்பு இருக்கு.

அடுத்து டெஸ்ட். விவசாய ஆபீஸ்ல குடுக்குற மண்வள அட்டைல குரோமியம் வராது, அதைப் பாத்து நிம்மதி ஆகிடாதீங்க. அங்கீகாரம் உள்ள லேப்ல மொத்த குரோமியம், ஆறு வேலன்ஸ் குரோமியம், பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டுறது), இசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுறது) நாலையும் தனித்தனியா கேளுங்க. கால்வாய் ஓரம், பள்ளம், பழைய தொட்டி இருந்த இடம், இங்கெல்லாம் மேல் மண்ணு அரை ஜாண் ஆழம் வரைக்கும் ஒரு கவர், அரை மீட்டர்ல ஒன்னு, ஒரு மீட்டர்ல ஒன்னு எடுங்க. எல்லாத்தையும் கலந்து ஒரே கவர்ல போட்டா மோசமான இடம் நல்ல மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கும். கழிவு போகாத மேட்டுப்பக்கம், அதே மாதிரி மண்ணுல ஒரு கவர் எடுங்க, ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். தண்ணிக்கு லேப் குடுக்குற பாட்டில்தான், மோட்டாரை கொஞ்ச நேரம் ஓடவிட்டு புடிச்சு ஐஸ் பெட்டில வச்சு அன்னைக்கே குடுத்துடணும். கோடைல ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் ஒரு தடவை.

குடிதண்ணில மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாது. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு) லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும். தண்ணி மஞ்சளா தெரிஞ்சா குரோமியம் அளவு ரொம்ப தாண்டியிருக்கலாம், ஆனா தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு நினைக்காதீங்க, 0.05 எல்லாம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கொதிக்க வச்சா குரோமியம் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாகும்.

ரிசல்ட் வந்ததும் வரைபடத்தை எடுத்து வழியை அறுங்க. கிணறு கெட்டிருந்தா குடிக்க, சமைக்க வேற தண்ணி, இது அன்னைக்கே. மேல் மண்ணு கெட்டிருந்தா தூசி கிளம்பாம மூடுங்க, பசங்க கையை வாயில வைக்குறதுதான் பெரிய வழி, அதனால அங்க விளையாட விடாதீங்க, கீரை போடாதீங்க. பலபேர் கவனிக்காதது மழைநீர் சேகரிப்புக் குழி. கெட்ட மண்ணுல குழி வெட்டி மழையை உள்ள இறக்குனா விஷத்தை நாமளே நிலத்தடி நீருக்கு அனுப்புறோம், அங்க கூரைத்தண்ணியை தொட்டிலதான் புடிக்கணும். புது போர் போட்டாலும் மேல் அடுக்குத் தண்ணி கீழ இறங்காம கேசிங் குழாயைச் சுத்தி சிமெண்ட் அடைக்கச் சொல்லுங்க.

அதே நிலம் குடோனுக்குன்னா காங்கிரீட் தளமும் கிணத்தை மூடுறதும் போதுமா இருக்கலாம், வீட்டுக்குன்னா மோசமான இடத்து மண்ணை எடுத்தே ஆகணும்னு வரலாம். ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து ஆறை மூணா மாத்துறது, அனுமதி உள்ள கழிவுக் கிடங்குக்கு மண்ணை அனுப்புறது எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதியோட செய்யற வேலை. டிராக்டர்ல அள்ளி ஏரிக்கரைல கொட்டுறது பக்கத்து ஊர்க்காரங்களுக்கு விஷம் வைக்கிறதுதான், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க.

செலவு உங்க தலையில விழணும்னு இல்ல. கெடுத்தவன்தான் கட்டணும்னு 1996ல சுப்ரீம் கோர்ட் நம்ம வேலூர் தோல் ஷாப்பு வழக்குலயே சொல்லியிருக்கு, பாலாறு மாசுபட்ட விஷயத்துல 2025 ஜனவரிலயும் மறுபடி கடுமையா சொல்லியிருக்கு. 2025 ஜூலைல மாசடைந்த இடங்களுக்குன்னே மத்திய அரசு தனி விதி போட்டிருக்கு, அதுப்படி சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் எடுக்கணும், மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளைக்குள்ள முதல் ஆய்வு செய்யணும். அதனால குறிச்சு வச்ச வரைபடம், லேப் ரிப்போர்ட் காப்பி, சர்வே நம்பர் மூணையும் வச்சு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்கிட்ட மனு குடுங்க, இன்னொரு காப்பி வாரியத்தோட மாவட்ட ஆபீஸுக்கு. அக்கம்பக்கத்து கிணத்துக்காரங்களும் சேர்ந்து கையெழுத்து போட்டா இன்னும் நல்லது, ரசீது வாங்காம மட்டும் வெளிய வராதீங்க.